ஒரு கரைச்சலும் இல்லை

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போய்விடும். ஆனாலும் இன்றுவரை ஓரிடத்திலும் நான் கைநாட்டு வைத்ததில்லை. அரசாங்கக் கச்சேரியிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, நீட்டிய மைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பேனை கேட்டு வாங்கித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவது என் பெருமைக்குச் சேர்க்கிற கதை இல்லை.

அன்புவழிபுரத்தில் நானும் மகளும்தான். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா காய்ச்சலில் போய்விட்டார். மகள் கலியாணம் செய்யவில்லை. பன்னிரண்டு வருடமாகத் திருகோணமலை டவுனுக்குள் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கிற வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறாள். அதே வேலைக்கு வெளிநாட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொழும்பில் ஒரு ஏஜென்சியில் பதிந்தாள். நாற்பத்தைந்து வயதுக்குள் போய்விட வேண்டுமாம். அவளுக்கு நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. இந்த முறை விட்டால் இனி இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

நேர்முகப் பரீட்சை போனில்தான். முன் அறையில் கதிரையைச் சுவரோடு போட்டு, பின்னால் தொங்கிய கலண்டரைக் கழற்றி, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தாள். நான் குசினிக்குள் இருந்தேன். வெளிநாட்டு அம்மா ஒருத்தியின் குரல் வந்தது. இடையிடையே ஏஜென்சியின் கொழும்புப் பெண் ஒருத்தியின் குரலும் வந்தது. மகள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். கடைசியாக ஒரு கேள்வி வந்தது. அதற்கு அவள் சிரித்துக்கொண்டு, "நோ டிஃபிகல்ட்டி மேடம். எவ்ரிதிங் ஓகே" என்றாள்.

இரண்டு நாளில் கொழும்புப் பெண் போன் எடுத்தாள். மகள் அதைக் காதில் வைத்தபடியே கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். பிறகு வந்து எனக்குச் சொன்னாள்.

"ஒரு கஷ்டத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டவையாம் அம்மா. அதுக்கு எப்பிடி முகம் குடுத்தனான் எண்டு. நான் ஒரு கஷ்டமும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"அதிலை என்ன பிழை?"

"நாப்பத்து நாலு வயசிலை ஒரு கஷ்டமும் படேல்லை எண்டால், ஒண்டில் பொய் சொல்றாள், இல்லாட்டிக் கஷ்டம் வந்தவுடனை ஓடியிடுவாள் எண்டு நினைக்கினமாம். ரெண்டு மாசத்திலை இன்னொருக்காக் கூப்பிடுவினம். அதுதான் கடைசி."

எனக்கு அந்த வெளிநாட்டு அம்மாவில் கோபம் வந்தது. முகம் தெரியாத ஆளுக்குத் தன் கஷ்டத்தை எடுத்துச் சொல்கிறவள் என்ன பெண். எங்கள் ஆட்கள் அப்படி இல்லை. "எப்பிடி, சுகமோ?" என்று கேட்டால், "ஓம், ஒரு கரைச்சலும் இல்லை" என்றுதான் சொல்வோம். கால் வீங்கிக் கிடந்தாலும் சொல்வோம், அடுப்பு மூட்டாத நாளிலும் சொல்வோம். கேட்கிறவருக்கும் உண்மை தெரியும். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். நாளைக்கு நாங்கள் கேட்கும்போது அவரும் அதையேதான் சொல்வார்.

நான் அதில் கொஞ்சம் கூடத்தான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தோம். பாய் ஒன்று, ஆட்கள் ஐந்து. நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்த பெண் என்னிடம் வந்து, "அம்மா, என்ன கஷ்டம், என்ன தேவை?" என்று கேட்டாள். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, "எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை" என்றேன். அவள் அடுத்த பாய்க்குப் போய்விட்டாள். அந்தப் பாய்க்காரி எட்டிப் பார்த்து, "கரைச்சல் இல்லாட்டி இஞ்சை என்னக்கா, கலியாணத்துக்கோ வந்து கிடக்கிறியள்?" என்று கேட்டாள். அன்றைக்கு எங்களுக்குப் போர்வை கிடைக்கவில்லை. குளிர்ந்த நிலத்தில் மகளை என் மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். மானம் போகவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி. அவளுக்கு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஏஜென்சியில் பதிந்த இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து மகள் ஒரு டீச்சரைப் பிடித்திருந்தாள். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வருவா. ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர், முஸ்லிம் அம்மா, என்னைவிடப் பத்து வயது குறைவு. என்னை அக்கா என்பா. சனி, ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் முன் அறையில்தான் வகுப்பு. நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக் கதவடியில் உட்கார்ந்து அரிசி புடைப்பேன். புடைக்க அரிசி இல்லாத நாளிலும் சுளகை மடியில் வைத்திருப்பேன். கேட்கிறேன் என்று தெரியக்கூடாது.

பரீட்சையில் தவறிய அடுத்த சனிக்கிழமை டீச்சர் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி அலுமாரியில் ஒட்டினா. "ஃபேஸ் அப் டு" என்று வாசித்துக் காட்டினா.

"இதுதான் அவங்க கேட்ட சாமான். விளங்கிக்கங்க" என்றா.

மகள் சொன்னாள், "முகம் குடுக்கிறது டீச்சர். ரேடியோச் செய்தியிலையும் சொல்லுறவை."

"அது பாதிதான் மகள். கஷ்டம் வந்திச்சு, நாங்க பொறுத்துக்கிட்டு இரிக்கம் எண்டா, அதுக்கு இங்கிலீசில வேற சொல் இரிக்கி. புட் அப் வித். இது அது இல்ல. இப்ப ஓட்டால ஒழுகுது எண்டு வைங்க. மழை பெஞ்சா வாளிய வைக்கிற. மழை விட்டா வாளிய எடுக்கிற. அடுத்த வருசமும் அந்த வாளிதான். அது பொறுத்துப் போறது. ஒரு நாளைக்கி ஏணிய வச்சு ஏறி, எந்த ஓடு ஒடஞ்சிரிக்கி எண்டு கண்ணால பாக்கிற பாருங்க, அதுதான் ஃபேஸ் அப் டு. ஒடஞ்சிரிக்கி எண்டு ஒத்துக்கணும். பொறவு செய்யவேண்டியதச் செய்யணும். ரெண்டும் இரிக்கணும்."

சல்லி என்ற கரையூரிலிருந்து வருகிற பெண் கேட்டாள், "அப்ப மழைக்கு ஃபேஸ் அப் பண்ணினன் எண்டு சொல்லலாமோ?"

"மழைக்குச் சொல்ற இல்ல மகள். மழை பெய்யிது எண்டு எல்லாருக்கும் தெரியும். பாக்காம முகத்தத் திருப்பிக்கிட்டு இரிக்கிற சாமானுக்குத்தான் அதச் சொல்ற. உண்மைக்குச் சொல்லலாம். வருத்தத்துக்குச் சொல்லலாம். நாங்க செஞ்ச பிழைக்குச் சொல்லலாம்."

குசினிக் கதவடியில் எனக்குச் சுளகு கனத்தது. எழுபது வருடமாக நான் செய்ததெல்லாம் வாளி வைத்த வேலைதான் என்று அந்த அம்மா எனக்கே சொல்வதுபோல இருந்தது. அவவுக்கு என் கதை ஒன்றும் தெரியாது.

பிறகு ஆளுக்கொரு கஷ்டத்தை இங்கிலீஷில் சொல்லச் சொன்னா. முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தார்கள். சல்லிப் பெண், புருஷனுடைய குடியைச் சொன்னாள். கரையில் விழுந்து கிடந்தவனை சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு வந்ததை, ஒரு நாள் இனி ஏற்றுவதில்லை என்று விட்டுவிட்டு வந்ததை, ஒளிக்காமல் சொன்னாள். எனக்குக் காது கூசியது. மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். என் மகளின் முறை வந்தது.

"என்ரை அம்மா சீனன்குடாவிலை ஒரு கம்பனியிலை சமையல் வேலை செய்தவ. அவவுக்குக் கை முறிஞ்சிட்டுது. நாலு மாசம் நான் போய் அந்தச் சமையலைப் பாத்தனான்."

டீச்சர் சரிவராது என்று தலையாட்டினா. "அதுல என்ன மகள் கஷ்டம்? சமைக்கத் தெரிஞ்ச புள்ள போய்ச் சமைச்சிரிக்கி. அந்த வெள்ளைக்காரி கேட்டா, வெரி குட் எண்டிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவா."

மகள் பேனையை மூடி வைத்தாள். குசினிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

உண்மை இதுதான். புருஷன் போன பிறகு சீனன்குடாப் பக்கம் ஒரு கம்பனியின் விடுதிகளில் எனக்கு வேலை கிடைத்தது. எட்டுக் கக்கூசும் நான்கு குளியலறையும். காலையில் ஒரு தரம், போகமுதல் ஒரு தரம். ஊரில் சமையல் வேலை என்று சொன்னேன். வெளுத்த வொயில் சேலை உடுத்து, தலை வாரி, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போவேன். அங்கே மாப் பையில் சுற்றி வைத்திருந்த பழைய சேலையை மாற்றிக்கொள்வேன். வரும்போது தேசிக்காயால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். தேசிக்காய் மணத்தால் எல்லாரும் சமையல் என்று நம்பினார்கள்.

சமையல்காரி என்றால் வீட்டுக்கு ஏதாவது வரவேண்டும். எதிர்வீட்டுக்காரி, அப்போது சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள், ஒருநாள் கேட்டாள்: "என்னக்கா, அவ்வளவு பெரிய குசினி, ஒரு வடையும் மிஞ்சாதோ?" அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் சந்திப் பேக்கரியில் பணிஸ் வாங்கி, கடதாசியைக் கழற்றி எறிந்துவிட்டு, என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். "ஒபிசிலை மிஞ்சினது" என்று அவளுடைய பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடும் போட வேண்டியிருக்கிறது. அவளுடைய தங்கைக்குக் கலியாணம் வந்தபோது, ஒபிஸ் சமையல்காரி இருக்கும்போது வெளியில் ஏன் ஆள் பிடிப்பது என்று என்னைக் கூப்பிட்டாள். அறுபது பேருக்குச் சமைத்தேன். இரண்டு நாள் முன்னமே பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோறு குழையாமல் வந்தது கடவுள் செயல். சாப்பிட்டவர்கள், கம்பனிக் கைப்பக்குவம் வேறுதான் என்றார்கள்.

மகளுக்குப் பதினெட்டு வயதில் நான் சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. ஆள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று மேற்பார்வை பார்த்தவர் சொல்லிவிட்டார். மகள் அப்போது ஏ.எல். வகுப்பில் இரண்டாம் வருடம். கேட்காமலே, தான் போகிறேன் என்றாள். முதல் நாள் மாவுக்கட்டோடு நானும் கூடப் போனேன். எந்தத் தும்புத்தடி எங்கே, எந்த மருந்து எவ்வளவு என்று காட்டிக் கொடுத்தேன். நான்கு மாதம் செய்தாள். ஊருக்கு அதுவும் சமையல்தான். இந்தக் கதை எங்கள் இரண்டு பேருக்குள்ளேயே இருபத்தாறு வருடம் கிடந்தது.

டீச்சர் போன பிறகு தேநீர்க் கோப்பைகளை நான் கழுவ, அவள் துடைத்தாள்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?" என்றேன்.

"வேறை என்னத்தைச் சொல்ல? நீங்கள்தானே சொல்லக்கூடாது எண்டனீங்கள்."

"எப்ப சொன்னனான்?"

"முதல் நாள். பஸ்ஸுக்கை. 'உன்ரை வாயிலையிருந்து இது வரப்படாது' எண்டனீங்கள். நான் ஓம் எண்டு சொன்னனான்."

"அது அந்த நேரம். இப்ப ஆர் கேக்கப் போகினம்?"

"அப்ப சொல்லட்டோ?"

நான் வாயைத் திறந்தேன். ஓம் என்ற சொல் வரவில்லை. "அந்தக் கூட்டத்துக்கு முன்னாலை ஏலாது" என்றேன். "எதிர்வீட்டுக்காரிக்குக் கேக்கும்."

"அவ இங்கிலீஷ் படிச்சவவோ அம்மா?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். நான் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று நாள் நாங்கள் சாப்பாடு, தண்ணீர் என்பதைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு உடம்பு முழுக்க ஒரு களைப்பு. வேலை செய்து வருகிற களைப்பென்றால் எனக்குப் பழக்கம். இது படுத்தால் போகாத களைப்பு. கை தானாகவே எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டிருப்பது போல. இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போதுதான் அது நோகிறது என்று தெரிந்தது.

நான்காம் நாள் கடைக்குப் போய் ஒரு கொப்பி வாங்கினேன். வாயால் சொல்ல ஏலாது என்று தெரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் அவள் அதை இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளட்டும். மகள் வேலைக்குப் போன நேரத்தில் எழுதினேன். "என் பெயர்" என்று தொடங்கி வெட்டினேன். "நான் சீனன்குடாவில்" என்று எழுதி அந்தச் சொல்லுக்கு இடம் விட்டேன். அடுத்த வரிகளை எல்லாம் எழுதி முடித்தேன், அந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த நாளும் கிடந்தது. ஒரு விரற்கடை இடம்தான். ஆட்டுக்குத் தழை வெட்டுகிறவர் வந்து வேலியில் நின்று, "சுகமோ அக்கா?" என்றார். "ஒரு கரைச்சலும் இல்லை" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் போன பிறகு உள்ளே வந்து, நின்றபடியே அந்த இடத்தில் "கக்கூசு கழுவினேன்" என்று எழுதினேன். இரண்டு சொல் கொள்ளவில்லை. பக்கத்துச் சொல்லின் மேல் ஏறிக்கொண்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மகள் நான்கு மாதம் போன கதையை எழுதி, பிறகு கை சுகமாகி நான் திரும்பப் போனதையும் எழுதினேன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று எழுதவேண்டும். வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை என்று எழுதவேண்டும். ஏன் போகவில்லை என்று எழுதவேண்டும்.

ஊரில் கேட்டவர்களுக்கு நான் சொன்னது ஒன்று. தண்ணீர் டாப்படியில், வாளியோடு நின்ற பெண்களுக்கு முன்னால், எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "என்னக்கா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போட்டியளோ?" கக்கூசு கழுவ அனுப்பினதால் பாடம் தவறிவிட்டது என்று சொல்ல முடியுமா. "அவளுக்குப் படிப்பு ஏறேல்லை. என்ன செய்யிறது" என்று சொன்னேன். கணக்கும் விஞ்ஞானமும் தண்ணீர் மாதிரி வந்த பிள்ளை. அவளுடைய வகுப்பு டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டா. அவவுக்கும் அதையே சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனா.

என் மானத்துக்கு அவளுடைய மூளையை விற்றேன். அதை அப்படியே எழுதினேன். எழுதும்போது டீச்சர் சொன்ன ஏணி ஞாபகம் வந்தது. ஏறிப் பார்த்தால், உடைந்திருந்தது நான் நினைத்த ஓடு இல்லை.

பின்னேரம் அவள் வந்ததும் கொப்பியைக் கொடுத்தேன். அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். என் எழுத்தை வாசிக்க நேரம் எடுக்கும். விசிறி நின்றுபோயிருந்தது, கரண்ட் இல்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணீருக்கு அது நல்ல சாட்டு. அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தது தாள் திரும்பிய சத்தத்தில் தெரிந்தது.

"இது எனக்குத் தெரியும் அம்மா" என்றாள்.

"எது?"

"டாப்படியிலை நீங்கள் சொன்னது. நான் பின்னாலை வாளியோடை வந்துகொண்டிருந்தனான். கேட்டுப்போட்டுத் திரும்பிப் போயிட்டன்."

கத்தி கையில் நின்றது.

"ஏன் பிள்ளை என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன. முதல் கோபமாத்தான் இருந்தது. நீங்கள் எல்லாருக்கும் சொல்லச் சொல்ல, பிறகு எனக்கே அப்பிடித்தான் எண்டு வந்திட்டுது. உண்மையா எனக்கு ஏறேல்லைப் போலை எண்டு. இந்த இங்கிலீஷைப் படிக்கேக்கையும் முதல் அதுதான் நினைப்பு வரும்."

அவள் அழவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்தச் சொல் பழக்கமில்லை. அவள் கொப்பியை மூடி, வெங்காயத் தட்டை என் மடியிலிருந்து எடுத்தாள். "தாங்கோ, நான் உரிக்கிறன். நீங்கள் போய்க் கொஞ்சம் சரியுங்கோ" என்றாள். போய்ப் படுத்தேன். விளக்கு வைக்கும்வரை நித்திரை கொண்டேன். பல நாளைக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அவள் அதை எல்லாருக்கும் முன்னால் இங்கிலீஷில் சொன்னாள். நான் சுளகு இல்லாமல் கதவடியில் உட்கார்ந்திருந்தேன். டொய்லெட் என்ற சொல் எனக்குத் தெரியும். அது நான்கு தரம் வந்தது. சல்லிப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் பிழை திருத்தினா. பிறகு, "கதை சரி. ஆனா நீங்க எதுக்கு ஃபேஸ் அப் பண்ணின எண்டு கடைசியில சொல்லணும் மகள். ஊத்தைக்கா?" என்று கேட்டா.

மகள் யோசித்தாள். "இல்லை டீச்சர். எனக்குப் படிப்பு வராது எண்டு நானே நம்பினதுக்கு. நாப்பத்து நாலு வயசிலை திரும்பக் கொப்பி தூக்கினதுதான் அது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தா. "அதச் சொல்லுங்க" என்றா.

இரண்டாம் நேர்முகம் ஒரு வியாழக்கிழமை பகலில் வந்தது. போன் அதே சீனிப் போத்தலில். மகள் என்னைக் குசினிக்குப் போகச் சொல்லவில்லை. எதிர்ச் சுவரோரம் பாயில் இருந்தேன். கேள்வி வந்தது, ஃபேஸ் அப் டு என்றது எனக்கே கேட்டது. அவள் சொல்லத் தொடங்கினாள். இடையில் ஒரு சொல் வராமல் நின்றபோது என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், எனக்கென்ன தெரியும், ஆனாலும் ஆட்டினேன். அவள் வேறு சொல்லைப் போட்டுக்கொண்டு போனாள். முடிந்த பிறகு அந்த வெளிநாட்டு அம்மா ஏதோ மெதுவாகக் கேட்டாள்.

"என்னவாம்?" என்றேன், போனை வைத்த பிறகு.

"அம்மா இப்ப எங்கை எண்டு கேட்டவ. முன்னாலை இருக்கிறா எண்டு சொன்னனான்."

மூன்று கிழமையில் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது.

எதிர்வீட்டுக்காரிக்கு இப்போது பேரப்பிள்ளைகள். செய்தி கேள்விப்பட்டுப் படலையடிக்கு வந்தாள்.

"உண்மையே அக்கா? மகளுக்குச் சரிவந்திட்டுதாம். இங்கிலீஷிலை கதைச்சே எடுத்தவ?"

"ஓம்."

"பாருங்கோவன். படிப்பு ஏறாத பிள்ளை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கால் நோவு.

"அது நான் சொன்ன பொய்" என்றேன். "பிள்ளைக்கு நல்லாப் படிப்பு வந்தது. கை முறிய, என்ரை வேலைக்கு அவளை அனுப்பினனான். அதிலைதான் சோதினை போனது."

"நாலு மாசம் சமைக்கப் போனதுக்கோ?"

"சமையல் இல்லை. நான் அங்கை கக்கூசு கழுவினனான். அவளும் அதைத்தான் செய்தவள்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அப்ப எங்கடை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு?"

"நான்தான் சமைச்சது. அறுவது பேருக்கு."

"கக்கூசு கழுவின கையாலையோ அக்கா?"

"சவர்க்காரம் போட்டுத்தான். நீ ரெண்டு தரம் சோறு வாங்கினனீ."

"அந்தப் பணிஸ்?"

"பேக்கரியிலை வாங்கினது."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "உலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டிலிருந்து போன கிண்ணம் எதுவும் அவளிடமிருந்து நிறைந்து வரவில்லை, கழுவி வெறுமையாகத்தான் வந்தது. எனக்கு நோகவில்லை என்று எழுதினால் அதுவும் பழைய பொய்தான். நொந்தது.

மகள் போய் இப்போது ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பகல் நேரத்தில் போன் எடுப்பாள். முதல் கிழமை எடுத்தபோது, "சுகமோ அம்மா?" என்று கேட்டாள். ஓம், ஒரு கரைச்சலும் இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"முழங்கால் வீங்கிக் கிடக்கு" என்றேன். "தனியச் சாப்பிடப் பஞ்சியாய்க் கிடக்கு. நேற்றுச் சமைக்கேல்லை, பாண்தான். பின்னேரமானால் வீடு ஒரு மாதிரிக் கிடக்கு."

சொல்லியிருக்கக்கூடாதோ என்று பயந்தேன். தூர இடத்தில் இருக்கிற பிள்ளை.

"நீ எப்பிடி?" என்றேன்.

"இஞ்சை சரியான குளிர் அம்மா. நான் பாக்கிற கிழவி விடிய உடுப்பு மாத்தேக்கை என்னை அடிக்கிறா. ஆளை ஆர் எண்டு தெரியாது அவவுக்கு. நேற்றுக் குளியலறைக்கை போயிருந்து அழுதனான்."

"பிறகு?"

"பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு வந்து அவவுக்குச் சாப்பாடு குடுத்தனான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டு, நோகிற காலை நீட்டி வைத்து உட்கார்ந்தேன்.

"சொல்லு பிள்ளை" என்றேன். "எங்கை அடிச்சவ?"